அக்குள் கட்டியின் வாடை: மறைப்பதா, கழுவுவதா, உறிஞ்சுவதா?

நகரப் பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர் மேலே உள்ள கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியே ஆக வேண்டும். அக்குளில் புரையோடிய கட்டி உள்ளவருக்கு அதுதான் ஒரு நாளின் மிகக் கடினமான அசைவு. வலி ஒரு காரணம். பக்கத்தில் நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்ற அச்சம் அதைவிடப் பெரிய காரணம். 14 ஆண்டுகளாக இந்த நோயோடு வேலைக்குப் போய் வருகிறவள் என்ற முறையில், இதே நிலையில் உள்ளவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்விக்கு இங்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன்: வாடையைக் குறைக்க மாதம் ஒரு குறிப்பிட்ட தொகைதான் ஒதுக்க முடியும் என்றால், அதைக் கழுவும் மருந்தில் போடுவதா, கட்டுத்துணியில் போடுவதா, களிம்பில் போடுவதா, அல்லது சேர்த்துவைத்துச் சிகிச்சைக்கே செலவிடுவதா?

நம் வீடுகளில் இதைச் சூட்டுக் கட்டி என்பார்கள். மாம்பழம் சாப்பிடாதே, எண்ணெய் தேய்த்துக் குளி, இளநீர் குடி என்பார்கள். மருத்துவத்தில் இதன் பெயர் ஹைட்ராடினைடிஸ் சப்புரேட்டிவா. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, பிட்டம் ஆகிய இடங்களில் மயிர்க்கால்கள் அடைபட்டுத் தோலுக்குள்ளேயே வெடித்து, அழற்சி உண்டாகி, கட்டியாகத் திரண்டு, உடைந்து, ஆறியது போலத் தோன்றி மீண்டும் அதே இடத்தில் எழும்புவது இதன் இயல்பு. நாளடைவில் கட்டிகள் தோலுக்கடியில் குழாய் போன்ற புரைகளால் ஒன்றோடொன்று இணைந்து, அந்தப் புரைகளின் வாய் வழியாகச் சீழும் ஊநீரும் இரத்தமும் கசிந்துகொண்டே இருக்கும். இது பிறருக்குத் தொற்றாது. குளிக்காததால் வருவதும் அன்று. நாள்தோறும் இரண்டு வேளை குளித்துக்கொண்டிருந்த என்னிடம், ‘நன்றாகச் சோப்புப் போட்டுக் குளியுங்கள், சரியாகிவிடும்’ என்று ஒரு மருத்துவர் சொன்ன நாளில், வீடு திரும்பி நெடுநேரம் அழுதேன். அதன்பின் நோயின் பெயர் தெரியவே எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின.

எதை வைத்து எடைபோடுவது

வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எந்த வழியையும் மதிப்பிட முடியாது. இது வியர்வை நாற்றம் அன்று. கசிவில் உள்ள புரதத்தைக் காற்றுப் புகாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது, புட்ரெசின், கடாவெரின் போன்ற பொருள்களும் ஆவியாகும் சில கொழுப்பு அமிலங்களும் உண்டாகின்றன. முடை நாற்றத்தைத் தருபவை இவையே. ஆகவே கசிவின் அளவு, அது தோல்மீது தங்கும் நேரம், அந்தப் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை, கசிவு ஊறிய துணி ஆகிய நான்கில் எதையாவது குறைக்கிற வழிதான் பயன் தரும்.

இதை ஒட்டி, ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்பவை இவை. மேற்சொன்ன நான்கில் எதன்மீது இது வேலை செய்கிறது? காலை எட்டு மணிக்குச் செய்தால் எத்தனை மணிவரை தாங்கும்? ஏற்கெனவே புண்ணான தோலை மேலும் கெடுக்குமா? கடையில் கொடுக்கும் விலைக்கு அப்பால், கறைபட்ட துணி, கூடுதல் தண்ணீர், நேரம் என்று வேறு என்னென்ன செலவாகும்? வீட்டுக்கு வெளியே, யாருக்கும் தெரியாமல் செய்துகொள்ள முடியுமா? கடைசிக் கேள்வியை மருத்துவர்கள் கேட்பதே இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

பயனை அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் மூக்கு நம் வாடைக்குப் பழகிவிடும். சற்று நேரத்திலேயே உணர்வதை நிறுத்திவிடும். அதே மூக்கு, மனம் கலங்கிய நாளில் இல்லாத வாடையையும் முகர்ந்து காட்டும். ஆகவே நம் மூக்கை நம்பி எந்த மருந்தையும் ‘பயனில்லை’ என்று தள்ளிவிடக் கூடாது, ‘போதும்’ என்று நிறுத்திவிடவும் கூடாது. எனக்கு என் தங்கை இருக்கிறாள். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் பக்கத்தில் போய் நிற்பேன். ‘ஒண்ணும் இல்லக்கா’ என்பாள், அல்லது ‘துணி மாத்திக்கோ’ என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. இப்படி உண்மை சொல்லக்கூடிய ஒருவரைத் தேர்ந்துகொண்டு, ஒரு வழியை இரண்டு வாரமாவது தொடர்ந்து செய்துபார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது.

வாசனைப் பொருள்களால் மறைப்பது

எல்லாரும் முதலில் செல்லும் வழி இது. செண்ட், அத்தர், ரோல்-ஆன், முகப் பவுடர் ஆகியவை கைக்கெட்டும் விலையில் கிடைப்பவை, கைப்பையில் அடங்குபவை, பிறர் பார்த்தாலும் வியப்படையாதவை. ஆனால் மேற்சொன்ன நான்கில் எதன்மீதும் இவை வேலை செய்வதில்லை. முடை நாற்றத்தோடு செண்டின் மணம் கலந்தால் பிறப்பது மூன்றாவது ஒரு நெடி. அது முதலாவதைவிட எளிதில் கவனத்தை ஈர்க்கும். சாராயம் கலந்த தெளிப்பான்கள் உடைந்த கட்டியின்மீது பட்டால் தீப்பட்டதுபோல் எரியும். பவுடர் ஈரத்தில் ஊறிக் கட்டிதட்டி, புரையின் வாயைச் சுற்றிப் படிந்துவிடும்.

இவற்றை முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. கட்டி உடையாமல், தோல் முழுமையாக இருக்கும் நாட்களில், மணமில்லாத வியர்வை அடக்கியைப் பயன்படுத்தலாம், ஈரம் குறையும். மணம் வேண்டும் என்றால் புடவைத் தலைப்பிலோ கைக்குட்டையிலோ ஒரு துளி விட்டுக்கொள்ளலாம். புண்ணின் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

கழுவும் மருந்துகள்

இவை பாக்டீரியாக்களின் எண்ணிக்கையைக் குறைப்பவை. எதைத் தேர்ந்தாலும் அழுத்தித் தேய்க்கக் கூடாது. பீர்க்கங்கூடும் நாரும் இந்த இடங்களுக்கு ஆகாதவை. கையில் நுரைத்துப் பூசி, சிறிது நேரம் விட்டு, நீரூற்றிக் கழுவுவதே முறை.

நான்கு சதவீதக் குளோர்ஹெக்சிடின் கழுவுநீர், அறுவைச் சிகிச்சைக்கு முன் உடலைத் தூய்மை செய்யப் பயன்படும் அதே மருந்து. கழுவிய பிறகும் தோலில் தங்கிச் சில மணி நேரம் வேலை செய்வது இதன் சிறப்பு. ஆனால் சாதாரணச் சோப்பு தோலில் மிச்சமிருந்தால் இதன் ஆற்றல் கெட்டுவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை. சோப்பை முதலில் முழுவதுமாக அலசிவிட்ட பிறகே இதைப் பூச வேண்டும். இரண்டாவது மறைமுகச் செலவு துணியில் வரும். இந்த மருந்து பட்ட வெள்ளைத் துணியைக் குளோரின் கலந்த வெளுப்பானில் நனைத்தால் பழுப்புக் கறை பிடிக்கும், பிறகு போகாது. என் வெள்ளை உள்ளாடைகளில் பாதியை இழந்த பிறகுதான் இதன் காரணத்தை அறிந்தேன். கண்ணிலும் காதிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரிதாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையும் வரும்.

முகப்பருவுக்குத் தரப்படும் பென்சாயில் பெராக்சைடு கழுவுநீர் இன்னொரு தேர்வு. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களுக்கு ஆகாத ஆக்சிஜனை இது வெளிவிடுவதால் நம் தேவைக்குப் பொருத்தமானது. தோலை வறளச் செய்யும். வண்ணத் துண்டையும் ரவிக்கையையும் வெளுத்துவிடும். இதைப் பயன்படுத்துகிறவர் தமக்கென வெள்ளைத் துண்டு ஒன்றை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். குளோர்ஹெக்சிடின் எரிச்சல் தருகிறது என்பவருக்கு இதையே பரிந்துரைப்பேன்.

விலையில் மிக மலிவானது பொட்டாசியம் பெர்மாங்கனேட். அதன் படிகத்தில் ஒரு கிராமைப் பத்து லிட்டர் நீரில் முழுமையாகக் கரைத்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் வரும். அதில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் புண்மீது வைத்திருக்கலாம். கசிவு மிகுந்த நாட்களில் புண்ணை உலர்த்துவதில் இதற்கு இணையானது குறைவு. ஆனால் கரையாத ஒரு துணுக்குப் பட்டாலும் தோல் வெந்துவிடும். நகமும் வாளியும் குளியலறைத் தரையும் பழுப்பேறும். விடுதியிலோ வாடகை வீட்டிலோ பொதுக் குளியலறையைப் பயன்படுத்துகிறவருக்கு அந்தக் கறை தேவையற்ற கேள்விகளைக் கொண்டுவரும். சொந்தக் குளியலறையும் காலையில் அரை மணி நேரமும் உள்ளவருக்கே இது ஏற்றது.

வேப்பிலை கொதிக்கவைத்த நீரைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆறவைத்து வடிகட்டிய நீரால் கழுவுவதில் பெரிய தீங்கில்லை, கழுவுகிற அளவுக்கு நன்மையும் உண்டு. அரைத்த விழுதையோ மஞ்சளையோ திறந்த புரையில் அப்புவது வேறு. அது உள்ளே தங்கிவிடும்.

கழுவும் மருந்துகள் அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. புரையின் ஆழத்தில் இருப்பதை அவை எட்டா. காலையில் கழுவியதன் பயன் நண்பகலில் வழிந்துவரும் புதுக் கசிவோடு முடிந்துவிடும்.

கசிவை உறிஞ்சும் கட்டுகள்

என் பணத்தில் பெரும்பகுதியை நான் இங்கேதான் போடுகிறேன். பிறருக்கும் அதையே சொல்கிறேன். கசிவு தோலில் தேங்காமல் உறிஞ்சப்பட்டு, ஊறிய கட்டு நேரத்தோடு அகற்றப்பட்டால், வாடை பிறப்பதற்கு இடமும் காலமும் இல்லாமல் போகின்றன. கழுவும் மருந்தை நிறுத்திய வாரங்களில் எனக்குப் பெரிய வேறுபாடு தெரிந்ததில்லை. நண்பகலில் கட்டு மாற்றத் தவறிய நாட்களில் தங்கை தவறாமல் ‘துணி மாத்திக்கோ’ என்றிருக்கிறாள்.

| கட்டு வகை | விலை | தாங்கும் நேரம் | மறைமுகச் செலவு | ஏற்ற சூழல் |
|---|---|---|---|---|
| காஸ் துணி, மேலே மைக்ரோபோர் டேப் | மிகக் குறைவு | கசிவைப் பொறுத்து 3 முதல் 5 மணி நேரம் | புண்ணில் ஒட்டும். டேப் தோலை உரிக்கும் | வீட்டில் இருக்கும் நாட்கள் |
| சானிட்டரி நாப்கின், பேண்டி லைனர் | குறைவு | அரை நாள் | வெப்பம், வியர்வை, மணமூட்டியவை எரிச்சல் தரும் | தொடை இடுக்கு, பிட்டம், அலுவலகம் |
| சிலிக்கோன் விளிம்புள்ள ஃபோம் (மெத்தென்ற நுரைக் கட்டு) | ஒன்றே சில நூறு ரூபாய் | ஒரு நாள் அல்லது அதற்கு மேல் | அக்குள் மடிப்பில் விளிம்பு கழன்றுவிடும் | பயணம், திருமணம், தேர்வு நாட்கள் |
| கரி சேர்த்த கட்டு | ஒன்றே சில நூறு ரூபாய் | கரி உலர்ந்திருக்கும் வரை | கசிவு ஊறினால் பயன் குறையும் | கசிவு குறைந்து வாடை மட்டும் மிகுந்த புண் |

அட்டவணையில் அடங்காத சில செய்திகள் உள்ளன. பஞ்சை நேரடியாகப் புண்மீது வைக்கக் கூடாது. இழைகள் உள்ளே சிக்கிக்கொள்ளும். காஸ் ஒட்டிக்கொண்டால் பிய்த்தெடுக்காமல் ஒரு செம்பு வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் அது தானாக நெகிழும். காலை ஆறு மணிக்கு, குளியலறை விளக்கின் கீழ், நடுவில் பழுப்பும் ஓரத்தில் மங்கிய சிவப்புமாக வட்டமிட்டிருக்கும் அந்தத் துணியைப் பார்த்தே முந்தைய இரவு எவ்வளவு கசிந்தது என்று சொல்லிவிடுவேன். வட்டம் சிறுத்துக்கொண்டு வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள்.

கரிக் கட்டு பற்றிப் பலருக்கு மிகையான எதிர்பார்ப்பு இருக்கிறது. செயலூட்டிய கரி வாடை மூலக்கூறுகளைத் தன்மீது ஒட்டவைத்துக்கொள்வது உண்மையே. ஆனால் நான்கு ஓரமும் இறுக ஒட்டியிருந்தால்தான் காற்று கரியின் வழியாக வெளியேறும். கையை அசைக்கும்போதெல்லாம் விரிந்து மடங்கும் அக்குளில் அப்படி ஒட்டவைப்பது கடினம். காலிலோ முதுகிலோ உள்ள புண்ணுக்கு அது தரும் பயனை அக்குளில் எதிர்பார்த்து, மாதக் கணக்கில் வாங்கிக் குவிப்பது வீண்.

நாப்கினை வெட்கப்பட்டு ஒதுக்குகிறவர்கள் உண்டு, குறிப்பாக ஆண்கள். அதன் பசை தோலில் ஒட்டாமல் துணியில் ஒட்டுகிறது என்பதே அதன் பெரிய நன்மை. மெல்லிய லைனரை ரவிக்கையின் அல்லது பனியனின் உட்புற அக்குளில் ஒட்டிக்கொண்டால், நாள் முழுவதும் டேப்பை ஒட்டி உரிக்கும் வேதனை இல்லை. ஆழமான, புதிதாக உடைந்த புண்ணுக்கு மட்டும், தூய காஸை இடையில் வைத்து அதன்மேல் இதைப் பயன்படுத்தலாம்.

வெளியே மாற்றுவதற்கு நான் ஒரு பழைய சோப்பு டப்பாவில் இரண்டு காஸ், ஒரு லைனர், பூட்டக்கூடிய இரண்டு பிளாஸ்டிக் உறைகள் வைத்திருக்கிறேன். உறைகளைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். பல அலுவலகக் கழிவறைகளில் குப்பைத் தொட்டியே இருப்பதில்லை. ஊறிய கட்டைத் திறந்த பையில் மாலைவரை சுமந்தால் வாடை பையிலிருந்து வரும். வீட்டில் செய்தித்தாளில் சுற்றித் தனியே கட்டி, துப்புரவுப் பணியாளரிடம் சானிட்டரி கழிவு என்று சொல்லிக் கொடுக்கிறோம். அவர்கள் கை படும் பொருள் இது.

மெட்ரோனிடசோல் களிம்பு

காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களை நேரடியாகக் கொல்லும் மருந்து இது. புற்றுநோய்ப் புண்களின் நாற்றத்தைக் குறைக்க வலிதணிப்புப் பராமரிப்புச் செவிலியர்கள் இதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். களிம்பு கிடைக்காத இடத்தில் மாத்திரையைப் பொடித்துத் தூவுவதும் உண்டு. 0.75 சதவீதக் களிம்பைத் திறந்த புண்மீது நாள்தோறும் பூசினால் சில நாட்களில் வேறுபாடு தெரியும். விலை அதிகமில்லை. கட்டு மாற்றியும் கழுவியும் வாடை அடங்காதபோது இதை மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்கலாம். கட்டி உடையாத நிலையில் இதனால் பயனில்லை. புண் தொடர்ந்து கசிகிற வரை, நிறுத்தினால் வாடை திரும்பும். கிளிண்டமைசின் ஒரு சதவீத நீர்மமும் இதே நோய்க்குத் தரப்படுகிறது. அது சிறு கட்டிகளுக்கான மருந்து, வாடைக்கென்று தரப்படுவதன்று.

துணி

பாலியெஸ்டர் வாடையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். துவைத்த பிறகும், உடல் சூடு பட்டதும் மீண்டும் வெளிவிடும். பருத்திக்கு மாறுவது ஒருமுறை செய்யும் செலவு, பயன் நீடித்தது. கசிவுபட்ட துணியை முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வெந்நீரில் போட்டால் இரத்தமும் சீழும் இழைகளில் உறைந்துவிடும். பட்டு ரவிக்கைக்குத் தையற்காரரிடம் சொல்லி, அக்குளின் உட்புறத்தில் பிரித்தெடுத்துத் துவைக்கக்கூடிய பருத்தித் துண்டு ஒன்றை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். என் தங்கையின் திருமணத்துக்கு அப்படித்தான் செய்தேன்.

வேரையே குறிவைக்கும் சிகிச்சை

மேற்கண்ட எல்லாம் கசிவு இருக்கும்வரை செய்ய வேண்டியவை. கசிவே குறைந்தால் அவற்றின் தேவையும் குறையும். எனவே மாதந்தோறும் கட்டுக்கு ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகிறவர், அதே தொகையைத் தோல் மருத்துவரிடம் செலவிடுவதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1989ஆம் ஆண்டு முதல் ஹர்லி என்பவரின் பெயரால் இந்த நோயை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். புரையும் தழும்பும் இல்லாத தனிக்கட்டிகள் முதல் நிலை. இடைவெளி விட்டு அமைந்த கட்டிகளோடு புரைகள் தோன்றுவது இரண்டாம் நிலை. ஓர் இடம் முழுவதும் புரைகள் பின்னிக் கிடப்பது மூன்றாம் நிலை. தாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, எதில் பணம் போடுவது என்ற முடிவை எளிதாக்கும்.

மாத்திரைகளில் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் முதலில் தரப்படுவது. வெயிலில் தோல் எளிதில் கருகும், கருவுற்றிருப்பவர்களுக்கு ஆகாது. கிளிண்டமைசினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து 10 முதல் 12 வாரம் தருவது அடுத்த படி. சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும். கருத்தடை மாத்திரையின் பயன் குறைந்துவிடும். ரிஃபாம்பிசின் காசநோய்க்கான முதன்மை மருந்துகளில் ஒன்று என்பதால், அதைத் தொடங்கும் முன் காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்வது நம் நாட்டில் மிகத் தேவையானது.

அழற்சியை அடக்கும் அடாலிமுமாப் ஊசி 2015இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு ஒப்புதல் பெற்றது. இந்தியாவில் தயாரான அதன் மலிவு வடிவம் 2014 முதலே கிடைக்கிறது. ஆயினும் மாதம் பல ஆயிரம் ரூபாய் ஆகும், காசநோய்ப் பரிசோதனை இதற்கும் கட்டாயம். நடுத்தர நிலையையும் கடந்து நாள்தோறும் கசிகிறவருக்கு, மருத்துவக் காப்பீடோ நிறுவன உதவியோ இருந்தால், இதைப் பற்றிப் பேசிப்பார்க்கத் தகும்.

அறுவைச் சிகிச்சையில் இரண்டை வேறுபடுத்தி அறிய வேண்டும். கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றுவது வலியை அன்றே தணிக்கும், ஆனால் அதே கட்டி ஏறக்குறைய எப்போதும் திரும்ப வரும்; நான் நான்கு முறை செய்துகொண்டேன், நான்கு முறையும் திரும்பியது. புரையின் மேற்கூரையை முழுவதுமாக நீக்கி, அடித்தளத்தைத் திறந்தபடி விட்டு ஆறவைப்பது இன்னொன்று. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டே செய்யலாம். ஆறச் சில வாரங்கள் ஆகும், அதுவரை நாள்தோறும் கட்டு மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் விடுப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே இடத்தில் ஒரே புரை ஆண்டுக்கணக்கில் கசிகிறவருக்கு இதுவே பொருத்தமானது. என் இடது அக்குளில் 2019இல் செய்தார்கள். அந்தப் பக்கம் இப்போது லைனர்கூட வைப்பதில்லை. வலது பக்கம் புரைகள் பல கிளைகளாக ஓடுவதால் இன்னும் சோப்பு டப்பாவோடுதான் வேலைக்குப் போகிறேன்.

மேலே சொன்ன எந்த வழியையும் வீட்டில் முயன்றுகொண்டிராமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நேரங்களும் உண்டு: காய்ச்சலும் குளிரும் வந்தால், கட்டியைச் சுற்றிய சிவப்பு மணிக்கு மணி பரவினால், பழகிய வாடை திடீரென்று வேறு வாடையாக மாறினால், பிட்டத்திலோ ஆசனவாயின் அருகிலோ பல ஆண்டுகளாக இருந்த புண் கெட்டியாகி வளரத் தொடங்கினால். கடைசியாகச் சொன்னதில் அரிதாகப் புற்றுநோய் தோன்றுவதுண்டு. வாடைக்கு அஞ்சி அதைக் கட்டுக்கட்டி மூடிவைத்துவிட்டால், பார்க்க வேண்டியவர் கண்ணில் அது படாமலே போய்விடும்.